காலஞ்சென்றவர் எழுதிய பெட்டிசங்கள்

யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் ரொறன்ரோ துறைமுகத்திலிருந்த கப்பல் பட்டறையில் ஆணி காய்ச்சிக்கொண்டு நின்றேன். கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரும் கப்பல்களை அங்கே கட்டினார்கள். தகட்டோடு தகட்டைப் பொருத்துகிற றிவெற் ஆணியைக் கரி உலையில் போட்டு, செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்ததும் குறட்டால் எடுத்து மேலே எறிவது என் வேலை. சாரத்தில் நிற்கும் ஒரு பெண் அதைத் தகரக் கூம்பில் ஏந்திக்கொள்வாள். இரண்டு வருடத்தில் அவள் தவறவிட்டது மூன்றோ நாலோ. நான் பிழையாக எறிந்தது ஒன்றும் இல்லை. கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவனுக்கு நெருப்பின் நிறம் தெரியும்.

அன்று நான் எறிந்த ஆணியை அவள் ஏந்தவில்லை. பட்டறைச் சங்கு ஊதியது. அதைக் கேட்டுத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஊதின. அவள் கூம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தம்பி ஒல்லாந்தில் சண்டையில் நின்றான். ஆணி பலகையில் கிடந்து புகைந்தது. நான் ஏறிப் போய் அதைக் குறட்டால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டேன். பிறகு எல்லாரோடும் சேர்ந்து நகரத்துக்குள் போனேன்.

பே வீதியில் ஜன்னல்களிலிருந்து கடதாசி கொட்டிக்கொண்டிருந்தது. கந்தோர்களில் இருந்த கடதாசி முழுவதையும் கிழித்து வெளியே எறிந்துவிட்டார்கள் போலிருந்தது. ஸ்ட்ரீட்கார்கள் நகர முடியாமல் நின்றன. அந்தக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார் காக்கா.

காக்கா என்றால் அண்ணன். கல்முனைப் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என் கப்பலில் சமையற்காரர். என்னைவிடப் பதினைந்து வயது கூட. எனக்குத் தெரிந்த மட்டில் அன்று ரொறன்ரோவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"என்ன மனே, மரம் மாதிரி நிக்காய்? ஆடு! நாமளும் சண்டைக்குப் போன ஆக்கள்தானே."

"எங்களை ஆருக்குத் தெரியும் காக்கா? யூனிபோர்ம் போட்டவனைத்தான் தோளிலை தூக்கினம்."

"உன்னத் தூக்கினா உண்ட சட்டைக் கரி அவன்ட சட்டையில பிரளும். அதுதான் தூக்கல்ல" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு கிழவியின் கையைப் பிடித்து ஆடத் தொடங்கினார் காக்கா.

நாங்கள் சண்டைக்குப் போனவர்கள் என்று அவர் சொன்னது உண்மை. துவக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் கப்பல் மற்றக் கப்பல்களோடு அணியாக அத்திலாந்திக்கைக் கடந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கொண்டுபோனது. மூன்றாவது பயணத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. காக்காவும் நானுமாகப் பதினாலு பேர் ஒரு படகில் ஏறினோம். படகில் பாய் இருந்தது, சுக்கான் உடைந்துவிட்டது. மூன்றாம் அதிகாரி நல்ல பொடியன், ஆனால் கை இரண்டும் வெந்திருந்தது. நான் ஒரு துடுப்பைப் பின்னால் கட்டி, அதையே சுக்கானாக வைத்து ஒன்பது நாள் பிடித்தேன். என் அப்பா எழுதுகோல் பிடிக்கிறவர் என்றாலும், எங்கள் ஒழுங்கை போய் முடிவது கடலில். வள்ளங்களில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். பிறகு ஒரு கப்பல் எங்களைக் கண்டு ஏற்றியது. பதினாலில் பதினொரு பேர் உயிரோடு ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டோம். குளிரில் என் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அந்த ஒன்பது நாளைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமைதான். அதை மறைக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியால் விட்டதும், அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருப்பது எனக்கு எப்போதும் வராத வேலை. ரொறன்ரோவில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நானும் காக்காவும் ரயில் ஏறினோம். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை கிடைத்தது, எனக்குப் பட்டறையில். ஸ்படைனா வீதிக்குக் கிட்ட ஒரு போலந்து யூத அம்மாவின் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஓர் அறை எடுத்தோம்.

யுத்தம் முடிந்த அடுத்த கிழமையே பட்டறை மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். இனி இந்தக் கப்பல்கள் தேவையில்லை, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்றார். "நீ கப்பற்காரன்தானே? கடற்சேவைப் பத்திரம் எடுத்து வை. ஏரிக் கப்பல்களில் வேலை கிடைக்கும்."

பத்திரம் எடுக்கத்தான் துறைமுகத்தடியில் இருந்த கப்பலாட்கள் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி முதலாம் யுத்தத்தில் இடது கையை விட்டுவந்தவர். வெற்றுக் கைச்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தார். என் பெயரையும் கப்பலின் பெயரையும் கேட்டுவிட்டு, ஒரு தடித்த பட்டியலை ஒற்றைக் கையால் புரட்டினார்.

"இந்தப் பெயரில் அந்தக் கப்பலில் ஒருவரும் இல்லையே."

"நான் இருந்தனான் சேர். கரி போட்டனான்."

அவர் திரும்பவும் பார்த்தார். பிறகு பட்டியலை என் பக்கம் திருப்பினார். "இதோ, உன் பெயரில் பாதி உள்ள ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் கடலில் இறந்துவிட்டார்."

அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது என் அப்பாவின் பெயர்.

எனக்கு விளங்கச் சில நிமிடம் எடுத்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூட இடாப்பில் தகப்பன் பெயர் முதல், பிள்ளையின் பெயர் பிறகு. கொழும்பில் கப்பலில் சேர்ந்தபோது நானும் அந்த வழக்கப்படியே சொன்னேன். அங்கே இருந்த வெள்ளைக்காரக் கிளாக்கர் முதற்பெயரை எழுதிக்கொண்டு, இரண்டாவதைக் கேட்கவும் மினக்கெடவில்லை. கரி போடுகிறவனுக்கு ஒரு பெயர் போதும் என்று நினைத்திருப்பார். ஹலிஃபக்ஸ் ஆஸ்பத்திரியில் தாதி பெயர் கேட்டபோது நான் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். ஆகவே கப்பலில் ஏறியவர் என் அப்பா. கப்பலோடு தாழ்ந்து போனவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தவன் எந்தக் கப்பலிலும் ஏறாத யாரோ ஒருவன்.

"செய்தி வீட்டுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"இரண்டு வருடத்துக்கு முன்பே போயிருக்கும்" என்றார் அதிகாரி. "இரண்டு பெயரும் ஓர் ஆள் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும். மொன்றியலில் உள்ள கம்பனி ஏஜெண்டுக்கு எழுதுகிறேன்."

வெளியே வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்திரம் கிடைக்காததைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அம்மா எனக்கு அந்தியேட்டி செய்துவிட்டாவா? முப்பத்தோராம் நாள் கிரியை செய்து, துடக்குக் கழித்து, என்னை முடித்துவிட்டார்களா? அது ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது.

இதில் என் குற்றமும் இருக்கிறது. அப்பா, காணிப் பத்திரங்கள் முடிக்கும் ஒரு நொத்தாரிசிடம் உறுதிகள் எழுதும் கிளாக்கராக இருந்தார். என்னையும் அதே மேசையில் இருத்திப் பிரதி எடுக்கப் பழக்க நினைத்தார். ஆறு மாதம் இருந்தேன். ஒருநாள் காலை சொல்லாமல் கொழும்புக்கு ரயில் ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் எழுதவில்லை. முதலில் கோபம், பிறகு வெட்கம். எழுதாமல் விட்டுக்கொண்டே போனால் எழுதுவது இன்னும் கடினமாகிவிடும். ஹலிஃபக்ஸில் கிடந்தபோது, கம்பனி அறிவித்திருக்கும்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று பின்னேரம் காக்காவுக்குச் சொன்னேன். அவர் ஏரி மீனில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள் இல்லாததால் சந்தையில் ஹங்கேரிக்காரன் விற்கும் சிவப்புத் தூளைப் போடுவார். நிறம் வரும், உறைப்பு வராது.

"என்ட பேர என்ட வாப்பா வச்சார். அத அப்படியே சென்னன், எழுதினான், சரி. நீங்க ஓராளுக்கு ரெண்டாள்ட பேரக் கொண்டு திரியிற. வெள்ளக்காரன் என்ன செய்வான்?"

"பகிடி விடாதேங்கோ காக்கா."

"பகிடி இல்ல மனே. இப்பவே போய்த் தந்தி அடி."

"எங்கடை ஒழுங்கைக்குத் தந்தி வந்தா அது செத்த வீட்டுக்குத்தான். தந்திப் பியோனைப் படலையிலை கண்டாலே அம்மா விழுந்திடுவா. அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டும் தெரியாது."

"ஏன், அவருக்கு என்ன?"

மனிதன் பயத்தில் எவ்வளவு மடத்தனமாக யோசிப்பான் என்பது அன்று தெரிந்தது. செத்தவர்களின் பட்டியலில் அப்பாவின் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அது பிழை என்று தெரிந்தும், அவர் உண்மையாகவே போய்விட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்று கிழமை போனது. வேலைக்குப் போனேன், வந்தேன். தந்தி அடிக்கவில்லை. காக்கா முதல் கிழமை ஏசினார், இரண்டாம் கிழமை என்னோடு பேசவில்லை, மூன்றாம் கிழமை வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா யுத்தம் முடிந்த நாளிலும் தெருவுக்கு இறங்கவில்லை. மாடிப்படியில் இருந்து றேடியோ கேட்டா. போலந்தில் அவவுடைய மூன்று சகோதரிகள் இருந்தார்கள். செஞ்சிலுவைக்காரருக்கு எழுதிவிட்டு, ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தா. அன்று நான் வேலையால் வந்து படியில் ஏறும்போது என்னை மறித்தா.

"உன் தாய்க்கு ஒரு பொய்க் கடதாசி போயிருக்கிறதாம். உண்மையா?"

"ஓம்."

"எனக்கு ஒருவரும் பொய்க் கடதாசிகூட அனுப்பவில்லை" என்றா. அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டா.

அடுத்த நாள் காலை பட்டறைக்குப் போகவில்லை. தந்தி அடிப்பதென்று முடிவெடுத்து, போகிற வழியில் கப்பலாட்கள் கந்தோருக்குள் எட்டிப் பார்த்தேன். அதிகாரி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உன் தகப்பன் என்ன வேலை செய்கிறார்?"

"காணி உறுதி எழுதிறவர்."

"அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரு."

மேசையில் மொன்றியலிலிருந்து வந்த ஒரு கட்டுக் கடதாசி கிடந்தது. எல்லாம் ஆங்கிலத்தில், ஒரே கையெழுத்தில். அந்தக் கையெழுத்தை எந்த நாட்டில் கண்டாலும் எனக்குத் தெரியும். ஆறு மாதம் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தவன் நான். கொழும்பு ஏஜெண்டுக்கு இரண்டு, லண்டனுக்கு இரண்டு, மொன்றியலுக்கு இரண்டு. ஆறு பெட்டிசம், ஆறு முறைப்பாட்டு மனு; எல்லாம் கடைசியில் மொன்றியலில் போய்ச் சேர்ந்திருந்தன.

அதிகாரி முதலாவதைச் சத்தமாக வாசித்தார். என் அரைகுறை ஆங்கிலத்துக்கு விளங்கியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடலில் இறந்துபோனதாகத் தங்கள் கடிதத்தில் கூறப்பட்ட மேற்படி நபராகிய நான், பூரண சுகத்துடனும் புத்தித் தெளிவுடனும் இருந்து, இதன்கீழ் கையொப்பமிட்டுத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், நான் இறக்கவில்லை. நான் எக்காலத்திலும் எக்கப்பலிலும் ஏறியவனும் அல்லன். ஆகவே தங்கள் கடிதம் பெயர்ப் பிழையுடையது. பெயர் பிழைத்த பத்திரம் செல்லாது. செல்லாத பத்திரத்தைக்கொண்டு என் மகன் இறந்தான் என்று நான் ஒப்புக்கொள்ள முடியாது."

அதிகாரி வாசிப்பதை நிறுத்திச் சிரித்தார். "மொன்றியலில் இந்தக் கட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். காலஞ்சென்றவரின் கடிதங்கள்."

இரண்டாவதில் அப்பா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். "தங்கள் கடிதத்தின்படி என் மனைவி ஒரு விதவை. அவர் இப்போதுதான் எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போகிறார். இவ்விடயத்தில் தங்கள் நிலைப்பாடு என்ன என்பதை மறுதபாலில் அறியத்தரவும்."

ஐந்தாவது மொன்றியலுக்கு எழுதியது. தப்பிய படகுகள் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டதாகப் பத்திரிகையில் படித்ததாகவும், ஆகவே அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் விசாரிக்குமாறும் கேட்டு, கீழே ஓர் அட்டவணை போட்டிருந்தார். காணி உறுதியில் நாலு எல்லையையும் எழுதுவதுபோல என்னை எழுதியிருந்தார். உயரம் இவ்வளவு. நிறம் மாநிறம். இடது புருவத்தின் மேல் முருங்கை மரத்தால் விழுந்த தழும்பு. வலது காதில் நடுவில் ஒரு மச்சம். கால் விரல்கள் பத்து. ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பு வரை. ஓரிடத்தில் தரித்து நிற்கும் சுபாவம் அற்றவன்.

அதிகாரி கடதாசியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புருவத்துக்குக் கிட்டக் குனிந்தார். காதைத் திருப்பிப் பார்த்தார்.

"விரல்கள் பத்து என்று இருக்கிறதே?"

"இப்ப எட்டு சேர். அது அவருக்குத் தெரியாது."

"கடைசி வரி எப்படி?"

நான் பார்த்த வேலைகளை எண்ணிச் சொன்னேன். ஏழு வந்தது. அவர் பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் சரி என்று அடையாளம் போட்டார்.

ஆறாவது பெட்டிசத்தை நானே வாங்கி வாசித்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுத்தது. அவர் பொறுத்திருந்தார். கடைசிப் பந்தி இது: "கம்பனி தகுந்த அத்தாட்சி காட்டும்வரை எங்கள் வீட்டில் எந்தக் கிரியையும் நடைபெறவில்லை, நடைபெறவும் மாட்டாது. உறவினர் ஏசுகின்றனர். அது எங்கள் பாடு. என் மனைவி தினமும் தபால்காரரைப் படலையில் மறித்து விசாரிப்பதால், அவர் எங்கள் ஒழுங்கையைத் தவிர்த்து வேலிக்கு மேலால் கடிதங்களை எறிகின்றார். இதனையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகின்றேன்."

ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓடுவதை அந்தக் கந்தோர்க் கதிரையில் இருந்தே கண்டேன். என்னை ஒருவரும் முடித்துவிடவில்லை. ஊர் முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்திருக்கும், உரித்துக்காரர் செத்த வீட்டுத் தோரணம் கட்டக் கேட்டிருப்பார்கள், ஐயர் நாள் பார்த்திருப்பார். அத்தனை பேருக்கும் எதிரில் ஒரு கிளாக்கர், கையில் ஓர் எழுதுகோலோடு, பெயர் பிழை என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் நின்றிருக்கிறார். நான் வெறுத்து ஓடிய அந்த வேலையைக்கொண்டே என்னை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்.

தந்தியை வீட்டுக்கு அடிக்கவில்லை. நொத்தாரிசின் கந்தோருக்கு அப்பாவின் பெயர் போட்டு அடித்தேன். அந்த யோசனை காக்காவுடையது. "படலைக்குத் தந்தி வந்தாத்தானே உம்மா உழுவா? கந்தோருக்கு அடி. வாப்பா நடந்து போய் உம்மாட்டச் செல்லட்டும். மூளைய அந்த ஒன்பது நாள்ல கடல்ல போட்டுட்டியா?"

"நலம். ரொறன்ரோவில் இருக்கிறேன். பெட்டிசங்கள் கிடைத்தன" என்று அடித்தேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. காக்கா கதவடியில் வாங்கி, தனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதையும் மறந்து கவரைக் கிழித்துவிட்டார். வீட்டுக்கார அம்மாதான் வாசித்தா: "அம்மா சுகம். நானும் உயிருடன். உடனே பதிவில் பெயரைத் திருத்து."

காக்கா அன்று ஒரு கோழி வாங்கினார். வீட்டுக்கார அம்மாவின் யூத முறைக்கும் தன்னுடைய முறைக்கும் பொருந்த எங்கேயோ அறுத்துக் கொண்டுவந்து, அவவுடைய பாத்திரத்திலேயே சமைத்தார். மூன்று பேரும் கீழே அவவுடைய மேசையில் சாப்பிட்டோம். எழும்பும்போது அவ என்னிடம் கேட்டா: "உன் தகப்பன் எப்படி எழுதினார்? யார் யாருக்கு எழுதினார்? எனக்குச் சொல்." நான் நினைவிலிருந்தவரை சொன்னேன், அவ தன் மொழியில் எழுதிக்கொண்டா. அடுத்த நாளிலிருந்து அவவும் எழுதத் தொடங்கினா. ஒரு சகோதரியின் மகளைக் கண்டுபிடித்தா. மற்றவர்களை இல்லை.

ஜூலையில் எனக்குக் கடற்சேவைப் பத்திரம் ஒரு சிறு புத்தகமாகக் கிடைத்தது. அதிகாரி இந்த நாட்டு வழக்கப்படி என் பெயரை முதலிலும் அப்பாவின் பெயரைக் கடைசியிலும் எழுதினார். ஏரிக் கப்பலில் ஒரு பருவம் வேலை செய்துவிட்டு, அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். படலையில் அம்மா என் முகத்தைத் தடவினா. அப்பா புத்தகத்தைத்தான் முதலில் கேட்டார். கண்ணாடியைப் போட்டு, முதற்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"என்னைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டான்" என்றார். பிறகு புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். "பரவாயில்லை. செத்தவையின்ரை பக்கத்திலை இருந்து எடுத்துப்போட்டான்தானே."

அங்கேயும் நான் நெடுநாள் தரிக்கவில்லை. அட்டவணையில் எழுதியிருந்தது பொய்யாகக் கூடாதுதானே. கடலிலும் கரையிலும் திரிந்து, கடைசியில் மகள் கூப்பிட்டு இந்த நகரத்துக்கே திரும்பி வந்தேன். நகரத்தின் கிழக்கே மோர்னிங்சைட்டில் நான் போகும் டொக்டரின் கிளினிக்கில் எங்கள் ஆட்கள்தான் கூட. முன்மேசையில் வேலை செய்யும் பிள்ளை கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அதாவது, எல்லாரையும் அவரவர் தகப்பன் பெயரைச் சொல்லி. பக்கத்தில் இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். போன கிழமையும் ஒருவர், "செத்துப்போன மனிசனை ஏன் பிள்ளை கூப்பிடுறாய்? அவருக்கு இனி என்ன வருத்தம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பிள்ளை என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டது. நான் பொல்லை ஊன்றி எழும்பி, "ஓம் பிள்ளை, இருக்கிறன்" என்றேன்.